எண் மட்டும் தெரிந்த காத்தாயி

மற்ற ஊர்களில் ராஜா வாய் திறந்தால்தான் உத்தரவு. மருதக்கோட்டையில் ஓலையைப் படித்தாலே உத்தரவு. சபையில் ஓலையைக் கையில் பிடித்து எதை உரக்க வாசித்தார்களோ அது பொழுது சாய்வதற்குள் நடந்தாக வேண்டும். ராஜா கொற்றவராயரின் பாட்டனார் போட்டுவைத்த வழக்கம் அது.

மாதாமாதம் நாற்பது ஊர்களிலிருந்து ஏரி ஓலைகள் வரும். மதகுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண், எத்தனை முழம் தண்ணீர் என்று. போன மாதம் எவனோ ஒரு குறும்பன் எண்களுக்கு நடுவே, 'ஓலை கொண்டுவந்தவனுக்குப் பட்டத்து யானையைக் கொடு' என்று எழுதிவிட்டான். வாசிப்பவர் அதையும் ஒரே மூச்சில் வாசித்துத் தொலைத்தார். யானை போனது போனதுதான்.

ராஜாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்த மங்கைபாகரைக் கூப்பிட்டார். இனி எந்த விஷம ஓலையும் பலிக்கக் கூடாது. ஆனால் எந்த ஓலையையும் வாசிக்காமல் ஒதுக்கக் கூடாது, பாட்டனார் வழக்கத்திலும் கைவைக்கக் கூடாது. தவறினால் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார். இப்படியெல்லாம் சொல்லும்படி ராஜா காதில் ஓதியவர் தளவாய் செண்பகராமர். மங்கைபாகரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

மங்கைபாகர் யோசித்துக்கொண்டே சந்தைப் பக்கம் போனார். அங்கே உப்பு விற்கும் காத்தாயி மூட்டைகளில் கரியால் எண் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத்தும் தெரியுமா என்று கேட்டார்.

"எண்ணு மட்டுந்தாங்க சாமி. எழுத்து எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்ல."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சபைக்கு வந்து ஓலைகளை வரிவரியாகப் பார்த்து வாசிக்கச் சொன்னார். எண் மட்டும் இருந்தால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். வேறு ஒரு கீறல் கலந்திருந்தாலும் அந்த வரி முழுவதற்கும் 'தெரியாது' என்றே சொல்ல வேண்டும். அந்த மதகை அரண்மனை ஆள் போய் அளந்து வருவான் என்று ஏற்பாடு.

சபை கூடியது. காத்தாயி மூட்டை எண்ணும் அதே குரலில் படித்துக்கொண்டே போனாள். முப்பத்தெட்டாவது ஓலையைப் பிரித்தாள்.

"ஆறு. தெரியாது. எட்டு."

தளவாய் நெளிந்தார். நடு வரியை இன்னொரு முறை நன்றாகப் பார்த்துப் படிக்கச் சொன்னார். அவளும் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

தளவாய்க்குப் பொறுமை போய்விட்டது. "என்ன தெரியாது? மங்கைபாகரை இன்றே நாடு கடத்து என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே."

ராஜா ஓலையை வாங்கிப் பார்த்தார். அட்சரம் பிசகாமல் அதேதான் இருந்தது. அவர் பார்வை மெல்லத் தளவாய் பக்கம் திரும்பியது.

மங்கைபாகர் கை கட்டி எழுந்தார். "பிரபு, ஓலையைக் கையில் வைத்திருந்த காத்தாயியால் அந்த வரியைப் படிக்க முடியவில்லை. தளவாயோ இருபது அடி தள்ளி உட்கார்ந்தபடியே படித்துவிட்டார். இப்பேர்ப்பட்ட கண்ணைச் சபைக்குள் வீணாக்கலாமா? எல்லைக் கோபுரத்தில் காவலுக்கு ஆள் இல்லையாம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காத்தாயிக்குச் சபையில் நிரந்தர ஆசனம் கிடைத்தது. தளவாய்க்கு அன்று மாலையே கோபுரம் கிடைத்தது.