லட்டு காய்த்த கொய்யா மரம்

நீரிழிவு கண்ட ஜமீன்தார் சிங்கமுத்துவிடம் வைத்தியர் சடகோபர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மரம் தானா வச்ச இனிப்பை அளவோட சாப்பிடுங்க. மனுஷன் கையால சேர்த்த சர்க்கரை மட்டும் கூடவே கூடாது."

ஜமீன்தார் யோசித்தார். மறுநாள் விடிந்தபோது அரண்மனைக் கொய்யா மரத்தில் கிளைக்குக் கிளை லட்டு தொங்கியது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது.

அவர் தோட்டக்காரி பேச்சியை அழைத்தார். "இது மரத்துல காய்ச்சதுன்னு வைத்தியர்கிட்ட நீ சாட்சி சொல்லணும். மாத்திச் சொன்னா இன்னையோட உனக்கு வேலை கிடையாது."

வைத்தியர் வந்து அண்ணாந்து பார்த்தார். "இது நிஜமாவே காய்ச்சதா?" என்று பேச்சியிடம் கேட்டார்.

"காய்ச்சதுதான் சாமி," என்றாள் பேச்சி. "தண்ணி ஊத்துற எனக்குத் தெரியாதா? முந்திரியோட பழுத்து நிக்குதே!"

ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டு ஒரு லட்டைப் பறிக்கப் போனார். பேச்சி பதறிக் குறுக்கே பாய்ந்தாள்.

"எஜமான், மரம் முதமுதலா லட்டு காய்ச்சிருக்கு, இது தலைக்காய்ப்பு! ஆத்தாளுக்குப் படைச்சு ஊருக்குப் பங்கு வைக்காம, மரத்துக்கு உடையவங்க வாயில வைக்கலாமா? குலத்துக்கு ஆகாதே!"

"ஆகவே ஆகாது!" என்று ஊரே கூடைகளோடு உள்ளே புகுந்தது.

மரத்தில் கொய்யாக்கள் மட்டுமே மிஞ்சின. கடைசி லட்டும் கூடைக்குள் விழப் போனபோது ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை.

"அடியே, காய்ப்பாவது மண்ணாவது! ராத்திரி பூரா நூல்ல கட்டித் தொங்கவிட்டது நான்டி!"

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்திலிருந்து ஒரு கொய்யாவைப் பறித்து அவர் கையில் வைத்தார்.

"பயப்படாம சாப்பிடுங்க எஜமான்," என்றாள் பேச்சி. "கொய்யாவோட தலைக்காய்ப்பை எப்பவோ படைச்சாச்சு."