பன்னிரண்டு தேசத்து நாய்கள்

எந்த வருஷம் என்றெல்லாம் கேட்காதீர்கள், வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாற்றுச் சீமையைத் திகழவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால் கண்மண் தெரியாது. ஒரு வருஷம் கிளி, மறு வருஷம் மல்யுத்தம். இந்தக் கதை நடந்தபோது அவனுக்கு அயல்தேசத்து நாய்கள்மேல் ஆசை.

அரண்மனைக்கு அயல்நாட்டுச் சரக்கு வாங்கும் பொறுப்பு விடங்கராயனிடம் இருந்தது. கப்பலே வராத மாசத்தில்கூட அவன் ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துவான். ஒன்றைச் சீனத்து நாய் என்பான், இன்னொன்றை அரபு நாட்டு நாய் என்பான். ராஜாவும் பட்டும் பதவியுமாக அள்ளிக் கொடுப்பான். இப்படிப் பன்னிரண்டு நாய்கள் சேர்ந்தன. ஊருக்குள் நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது மட்டும் ராஜாவின் காதுக்கு எட்டவில்லை.

அப்படி நாயைப் பறிகொடுத்தவள்தான் வீரக்காள். ஊர் ஊராக உப்பு வண்டி ஓட்டிப் பிழைப்பவள். அவளுடைய நாய் வெள்ளையன், வண்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே நடந்தே வரும். காட்டுவழியில் அதுதான் அவளுக்குத் துணை. ஒரு சந்தை நாளில், பட்டப்பகலில், அவள் உப்பு அளந்து போட்டுவிட்டுத் திரும்பினாள். கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது. இரண்டு மாசம் தேடினாள். வண்டி ஓட்டும்போது, இல்லையென்று தெரிந்தும், குனிந்து குனிந்து அடியில் பார்ப்பாள்.

அப்போது ராஜாவின் பிறந்தநாள் ஊர்வலம் வந்தது. நாய்களெல்லாம் ரெட்டைப் பூட்டுப் போட்ட சங்கிலியோடு பல்லக்கில் வந்தன. நான்காவது பல்லக்கில் செக்கச்செவேலென்று ஒரு நாய். "பவழத் தீவு நாய் பராக்" என்று கட்டியக்காரன் கூவினான். அந்த நாய் கூட்டத்தில் நின்ற வீரக்காளைப் பார்த்தது. உடனே முனகிக்கொண்டு பல்லக்குப் பலகையில் வாலைப் படபடவென்று அடித்தது. வீரக்காள் எட்டிப் பார்த்தாள். உடம்பெல்லாம் சிவப்பு, காதுக்குள் மட்டும் வெள்ளை.

மறுநாள் காலையில் சபைக்குப் போய் நின்றாள்.

"நீங்க பல்லக்குல ஏத்தி வச்சிருக்கிறது என் வண்டி நாய், சாமி."

சபை சிரித்தது. ராஜாவின் முகம் சுருங்கியது.

"மகாராஜா, இன்றைக்குப் பவழத் தீவு நாய் இவளுடையதாம். விட்டால் நாளைக்குப் பட்டத்து யானையும் தன் வண்டி மாடு என்பாள்" என்றான் விடங்கராயன்.

"ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடட்டுமா, சாமி?"

"கூடாது மகாராஜா. மடியில் கருவாடு வைத்துக்கொண்டு கூப்பிட்டால் எந்த நாய்தான் வராது?"

வீரக்காள் அவன் பக்கம் திரும்பினாள். "அது இருக்கட்டும் ஐயா. எதுக்கு அந்த நாய்களுக்கு ரெட்டைப் பூட்டு?"

"பிறந்த இடத்தை மறக்காத சாதிகள் அவை. அவிழ்த்துவிட்டால் நேரே கிழக்கே துறைமுகத்துக்கு ஓடிக் கடலில் குதித்துவிடும்" என்று பெருமையாகச் சொன்னான் விடங்கராயன்.

"பிறந்த இடத்தை மறக்காதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பன்னிரண்டையும் அவிழ்த்துவிடச் சொல்லுங்க, சாமி. எல்லாம் கிழக்கே ஓடினா என் வண்டியும் மாடும் அரண்மனைக்கு. நான் இந்தச் சீமையை விட்டே போயிடுறேன்."

விடங்கராயனுக்கு வேர்த்தது. "கடலில் மூழ்கிவிட்டால், மகாராஜா?"

"துறைமுகத்தில் வலையோடு நூறு பேரை நிறுத்து" என்றான் ராஜா. வேடிக்கை என்றால் அவனுக்கு உயிர்.

அரண்மனை வாசலில் கூட்டம் நெரிந்தது; ராஜாவும் தேரில் வந்து நின்றான். வீரக்காளுக்கு ஒரே கவலை. இரண்டு மாசம் பாலும் சோறும் தின்ற நாய், உப்பு வண்டியை மறந்திருந்தால்?

பூட்டுத் திறந்தது. சிவப்பு நாய் கிழக்கையும் பார்க்கவில்லை, மேற்கையும் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வந்து வீரக்காளின் தோளில் இரண்டு கால்களையும் போட்டு முகமெல்லாம் நக்கியது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கருவாடு, மகாராஜா, கருவாடு" என்றான் விடங்கராயன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாய்க்கு நான் கருவாடு வைக்கலாம், சாமி. மத்தது எங்கே போகுதுன்னு பாருங்க."

ராஜா தேரை விட்டிறங்கி நாய்களுக்குப் பின்னால் ஓடினான். சபையே அவன் பின்னால் ஓடியது, வீரக்காளும் வெள்ளையனோடு ஓடினாள். சீனத்து நாய் வாணியர் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து தொட்டித் தண்ணீரைக் குடித்தது. "மூணு மாசமா எங்கேடா போய்ச் சுத்தினே?" என்று திட்டிக்கொண்டே வந்த வீட்டுக்காரி, வாசலில் ராஜா மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அரபு நாட்டு நாய் குயவர் வீட்டுச் சூளைச் சாம்பலில் புரண்டது. மற்றவை பலவும் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்தன. பாரசீக நாய் விடங்கராயன் வீட்டுக் கொல்லைக்கே போய்ப் படுத்துக்கொண்டது. சொந்த வீட்டு நாயையும் அவன் விட்டுவைக்கவில்லை. அங்கே அண்டா நிறைய மருதாணி கரைத்திருந்தது. பக்கத்தில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக இன்னும் ஐந்து நாய்கள் கட்டிக் கிடந்தன.

ராஜா அண்டாவையும் நாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் விடங்கராயனைப் பார்த்தான்.

"உன் பதவி போயிற்று. இந்த நாய்களை நீயே சாயம் போகக் குளிப்பாட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டு, நான்தான் திருடினேன் என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா."

பிறகு வீரக்காளிடம் கேட்டான். "இனிமேல் நாய்த் திருட்டே நடக்கக் கூடாது. தெருவுக்குத் தெரு காவல் போடட்டுமா? வீட்டுக்கு வீடு பூட்டுக் கொடுக்கட்டுமா?"

"ஒரே ஒரு பூட்டுப் போதும், சாமி. நாய் வாங்குற அரண்மனை வாசலுக்குப் போடுங்க. வாங்க ஆளில்லைன்னா எவன் திருடுவான்?"

ராஜா தலையைக் குனிந்தான். "தப்பு என்மேலும்தான், அம்மா" என்றான். சீமையெங்கும் சுங்கமில்லாமல் உப்பு விற்கலாம் என்று அங்கேயே ஓலை எழுதிக் கொடுத்தான்.

பன்னிரண்டில் ஒரே ஒரு நாய் மட்டும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ராஜாவின் பின்னாலேயே ஓடிவந்து, இப்போது அவன் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

"இது எந்த தேசத்து நாய்?" என்று கேட்டான் ராஜா.

வீரக்காள் குனிந்து பார்த்தாள். "நம்ம ஊர்த் தெருவுல பொறந்ததுதான், சாமி. யாரும் வளர்க்கலை."

ராஜா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தே போனான்.