சுனையம்மா விருந்துக்கு வந்த நாள்

“ஊரெல்லாம் என் பேரு இருக்கு. ஒருத்தரும் வரலைங்கம்மா,” என்றான் பொன்னுரங்கம்.

சுனையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலைமேல் சுனைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவர். பொன்னுரங்கத்தைவிட நாலைந்து வயது இளையவர். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனாலும் அவரோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் மலையேறி வந்தார்கள்.

பொன்னுரங்கம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவன் அம்மா விட்டுப்போன காப்பித் தோட்டத்துக்குள், சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு அறை கட்டியிருந்தான். தனியாள். கோடைக்குள் அறைகளுக்கு ஆள் வராவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே திரும்ப வேண்டும்.

அவன் செய்யாத விளம்பரம் இல்லை. மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு போர்டு வைத்தான். விடியும் முன்பே முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுத்தான். மேலே டவர் கிடைக்காது என்பதால் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வீடியோ போட்டான். இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸில்தான் வீடு திரும்புவான்.

சோம்பேறி என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. அந்த உழைப்பைப் பார்த்தால் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

“உங்ககிட்ட மட்டும் இத்தனை பேர் வர்றாங்களே. அப்படி என்னதான் பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா.”

“நான் வீட்ல இருக்கேண்ணே.”

அம்மா பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்று பொன்னுரங்கம் நினைத்துக்கொண்டான். விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டான். தோட்டம் கைவிட்டுப் போய்விடும் என்று சொன்னபோது குரல் உடைந்தது.

சுனையம்மா கீரையை முறத்தில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு விருந்துக்கு வர்றேன்.”

பொன்னுரங்கத்துக்குக் கை கால் ஓடவில்லை. சுனையம்மா யார் வீட்டுக்கும் போனதாக மலையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அவரே வந்து சாப்பிடுகிறார் என்றால் இதைவிடப் பெரிய விளம்பரம் எது?

மறுநாள் விடியும் முன்பே எழுந்தான். இரண்டு அறைகளையும் துடைத்தான். புது விரிப்பு போட்டான். அம்மா சாயங்காலம்தான் வருவார் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினான்.

“சுனையம்மாவே நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வர்றாங்க,” என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னான். நோட்டீஸை வாங்கிக் கசக்கிப் போடுகிறவர்கள்கூட அன்று நின்று கேட்டார்கள். வெயில் தாழ்வதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்களோடு மலையேறினான். வழியெல்லாம் பெருமை தாங்கவில்லை.

வேன் வாசலில் நின்றது.

பூட்டிய கதவின் நாதாங்கியில், பூவோடு ஒரு காப்பிக் கொத்து செருகியிருந்தது.

அது அந்த மலையின் வழக்கம். தேடிப் போன வீடு பூட்டியிருந்தால், பக்கத்துச் செடியில் ஒரு பச்சைக் கொத்து ஒடித்து நாதாங்கியில் செருகிவிட்டு வருவார்கள். நாங்கள் வந்திருந்தோம் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களை அழைத்து வரும் ஜீப்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். சின்ன வயதில் பொன்னுரங்கமே எத்தனையோ வீடுகளில் செருகியிருக்கிறான். திருப்பூர் வாழ்க்கையில் மறந்துபோயிருந்தது.

வாசலில் காலியாகக் கிடந்த பானை நிறையத் தண்ணீர் இருந்தது. பூட்டிய வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், அடுத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படி ஒரு மனுஷி அவர்.

வேனிலிருந்து இறங்கிய குழந்தைகள் அந்தத் தண்ணீரை மொண்டு குடித்தார்கள்.

பொன்னுரங்கம் கதவு மூலையைப் பார்த்தபடி நின்றான். தினமும் இருட்டில் வந்து நாதாங்கியை இழுக்கும்போது காலடியில் ஏதோ உதிரும். காற்று கொண்டுவந்த சருகு என்று துடைப்பத்தால் அந்த மூலைக்குத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். பகல் வெளிச்சத்தில் அந்தக் குப்பையை அவன் பார்த்ததே இல்லை.

குனிந்து கையால் கிளறினான். எல்லாம் காம்போடு ஒடித்த கொத்துகள். காப்பி, எலுமிச்சை, கொய்யா. சில முழுக்கக் காய்ந்திருந்தன. சிலவற்றில் இன்னும் பச்சை இருந்தது.

“அம்மா இன்னும் வரலீங்களா?” என்று வேனில் வந்த ஒரு பெண் கேட்டார்.

“வந்துட்டுப் போயிட்டாங்க,” என்றான்.

கை நிறையச் சருகோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“எல்லாருமே வந்துட்டுப் போயிருக்காங்க.”