நாலாவது பிஸ்டனுக்கு வைத்த பெயர்

அநீதிகளை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். முதலாவது, கீழக்கடைசி உப்பளத்தில் இருந்த குடிதண்ணீர்த் தொட்டி இடிக்கப்பட்டது. இரண்டாவது, தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டவர்களுக்கு, பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்று பதில் தரப்பட்டது. மூன்றாவது, தண்ணீர் கொண்டுபோக என்று சொல்லி ஒரு பழைய வேன் தொழிலாளர் தலையில் கட்டப்பட்டது. நான்காவது, அந்த வேன் மூன்றாம் நாளே நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றுபோனது.

இது எங்கள் சங்க நோட்டீசு. எழுதியவன் செயலாளராகிய நான். செய்தவன் பெயர் கடைசி வரியில்தான் வர வேண்டும் என்பது நோட்டீசு எழுதும் முறை. முறை தவறி நாங்கள் எதையும் செய்வதில்லை. தலைவர் தவசிக்கனி, பொருளாளர் எஸ்தாக்கி, துணைத்தலைவர் மாசானமுத்து, நான் என்று நால்வரும் முப்பது வருடமாக ஒரு கோரிக்கையைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்றும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

வேன் நின்றதிலிருந்து கீழக்கடைசிப் பெண்கள் தலைச்சுமையாகத் தண்ணீர் எடுத்தார்கள். போக நாலு மைல், வர நாலு மைல். அவர்களில் அன்னக்கொடி என்பவள் தினமும் காலிக் குடத்தோடு சங்க வாசலில் நிற்பாள். “அண்ணாச்சி, வண்டி எப்பம் ஓடும்?” என்பாள். பரிசீலனையில் இருக்கிறது என்போம். போய்விடுவாள்.

லேத் பட்டறை காதர் மைதீன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். நாலு சிலிண்டரும் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தன. துளைகளைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இந்த வண்டிக்கு அசல் சரக்கு இப்போது வருவதில்லை, வெளிக் கம்பெனிச் சரக்குதான். “பிஸ்டன் கையில இருந்தாத்தான் நான் துளையில கை வைப்பேன்,” என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

மதுரைக்குப் போய் நாலு பிஸ்டன் வாங்கினோம். கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததால் பையில் போடவில்லை. ஆளுக்கு ஒன்றாக இரண்டு கையாலும் பிடித்தபடி பஸ் ஏறினோம். டிக்கெட்டுக்குச் சில்லறையைக் கண்டக்டரே எங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டார். வழியில் பஸ் நின்றபோது முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எங்களுக்கு டீ ஊட்டிவிட்டார். எஸ்தாக்கிக்கு மூக்கு அரித்தது. பட்டறை வரும்வரை பொறுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவர் பொருளாளராக அமைவது அபூர்வம்.

காதர் மைதீன் பிஸ்டனில் மைக்ரோமீட்டரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அடுப்பில் போட்டு எடுத்து வந்தீர்களா என்று கேட்டார். நாலு மணி நேரக் கைச்சூட்டில் அலுமினியம் பெருத்துவிட்டதாம். கீழே வைத்து ஆறவிடச் சொன்னார். கீழே வைக்கலாமா என்று தீர்மானம் போட அரை மணி ஆனது. பிறகு மாசானமுத்து நோட்டீசால் நாலுக்கும் பாரபட்சம் இல்லாமல் விசிறினார்.

ஆறியபின் அளந்தால் நாலும் நாலு அளவு. வெளிச்சரக்கு அப்படித்தான் என்றார் காதர் மைதீன். ஒவ்வொரு துளையையும் அதற்கென்று ஒதுக்கிய பிஸ்டனுக்குத் தக்கபடி, எண்ணெய் நிற்க இம்மி இடம் விட்டுக் கடைவாராம். இடம் மாறினால் ஒன்று இறுகிப் பிடிக்கும், இன்னொன்று ஆடி அடிக்கும். அதனால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வைக்கச் சொன்னார்.

அங்கேதான் கொள்கை குறுக்கே வந்தது.

“ஒண்ணாம் நம்பர்னா என்ன வே அர்த்தம்? சங்கத்துல ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் கிடையாது,” என்றார் தலைவர்.

“நாலாம் நம்பர் என்ன பாவம் செஞ்சிச்சு?” என்றார் எஸ்தாக்கி.

“எல்லாத்தையும் தேச்சு ஒரே அளவாக்கிட்டா சமத்துவம் வந்துரும்லா?” என்றார் மாசானமுத்து. அவர் கையில் ஏற்கெனவே உப்புத்தாள் இருந்தது.

காதர் மைதீன் அதைப் பிடுங்கினார். “சமத்துவத்தை உங்க ஆபீஸ்ல வச்சுக்கிடுங்க. எம் பட்டறையில அளவுதான்.”

நம்பருக்குப் பதில் பெயர் எழுதலாம் என்று நான் வழி சொன்னேன். மூவரும் சட்டென்று பெரிய பிஸ்டன்களில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். மிஞ்சியது எல்லாவற்றிலும் சிறியது. சுயநலம் துளியும் இல்லாமல், அதற்கு என் பெயர் வேண்டாம் என்றேன். தொட்டியை இடித்து வேனை எங்கள் தலையில் கட்டிய அளத்து முதலாளி சொர்ணபூபதியின் பெயரை வைப்போம். தலைக்கு மேல் நெருப்பு, காலடியில் கொதிக்கும் எண்ணெய், நிமிடத்துக்கு ஆயிரம் அடி, ஓய்வு கிடையாது. சங்க வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

கடைந்து முடித்ததும் காதர் மைதீன் எங்களை நன்றாக ஒருமுறை பார்த்தார். “மாட்டும்போது பேரைச் சத்தமா வாசிங்க. சாட்சிக்கு நாலு பேர் நிக்கட்டும். அப்பத்தான் மாறாது,” என்றார். நாங்கள் எழுபது பேரைக் கூட்டி, மைக்கும் கட்டினோம்.

மறுநாள் காலை “தவசிக்கனி” என்று வாசித்தேன். கூட்டத்தில் பெயர் வாசித்தால் பதில் சொல்வது சங்க விதி. “உள்ளேன்,” என்றார் தலைவர். பிஸ்டன் உள்ளே போனது. மாசானமுத்து, உள்ளேன். எஸ்தாக்கி, உள்ளேன். “சொர்ணபூபதி” என்றேன். பதில் இல்லை. மூன்று தரம் வாசித்தேன். வராதவர் பேரில் எதையும் நிறைவேற்ற விதியில் இடமில்லை. கூட்டத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கலாம் என்றார் தலைவர்.

“பிஸ்டன் பதில் சொல்லணும்னு நான் எப்பய்யா சொன்னேன்?” என்று காதர் மைதீன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்னக்கொடி குடத்தை இறக்கி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் முதலாளி பல் விளக்கிய பிரஷ்ஷோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என்ன ரகளை என்று கேட்டார்.

“ஒரு ரகளையும் இல்ல மொதலாளி. இதுல ஒருக்கா உள்ளேன்னு சொல்லிட்டுப் போங்க. எங்க காலு தேஞ்சு போச்சு,” என்றாள்.

அவர் மைக்கைப் பார்த்தார், எழுபது பேரைப் பார்த்தார். மைக்கைக் கண்டால் அவருக்கு வேறு எதுவும் ஓடாது. பிரஷ்ஷைப் பையில் செருகிவிட்டு, கனத்த குரலில் “உள்ளேன்” என்றார். எதிரொலி பிடித்திருந்ததால் இன்னொரு தரமும் சொன்னார். நாலாவது பிஸ்டனும் உள்ளே போனது.

சாயங்காலம் எஞ்சின் புகையில்லாமல் பாடியது. நாங்கள் அடுத்த தீர்மானத்தைத் தொடங்குவதற்குள், தண்ணீர் நிறைந்த பீப்பாய்களோடு அன்னக்கொடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளி இன்னும் மைக்கை விடவில்லை. பெயர் வாசித்துப் பதில் சொன்னவர் உறுப்பினர் என்பது விதி. அட்டை கொடுத்தோம். புது உறுப்பினர்தான் நோட்டீசை வாசிக்க வேண்டும் என்பதும் விதி. நோட்டீசைக் கொடுத்தோம்.

ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். முதலாவது அநீதிக்குக் கூட்டம் கை தட்டியது. இரண்டாவதுக்கு அவரே தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவதில் குரல் தழுதழுத்தது. நான்காவதில் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, மைக்கை வாயருகே இழுத்தார்.

“இந்த நாலு அநீதிகளுக்கும் முழுப் பொறுப்பாளி,” என்று வாசித்து, சாட்சிகள் எழுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “வெ. சொர்ணபூபதி.”

பதில் வராததால் இன்னும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு அவரே “உள்ளேன்” என்றார்.