கடைசியில் வந்த முத்து

அந்தக் காலத்தில், பாறைகூட அலையைப் பார்த்து "மெதுவா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நத்தைகளெல்லாம் பாறையின் அடிவாரத்தில்தான் குடியிருந்தன. அங்கே பாசி கொழுகொழுவென்று வளரும். வேலை என்று பார்த்தால் சாப்பாடுதான்.

நத்தைகளுக்கு அவசரம் கிடையாது, மரியாதை மட்டும் நிறைய உண்டு. மேயப் போகும்போது பெரியவர் முன்னால் போவார். அவர் விட்டுப்போன வழவழப்பான தடத்திலேயே மற்றவர்கள் வரிசையாக ஊர்வார்கள். குஞ்சுகள் கடைசியில். தடம் மாறினால் ஊர் சிரிக்கும்.

இதைக் கொடுக்கன் என்ற நண்டு கண்டுகொண்டது. தடத்தைப் பிடித்து வந்தால் போதும், கடைசியில் வருவது இளம் ஓடு. ஒரே கடி! தினமும் ஒரு குஞ்சு குறைந்தது. இப்போது செல்லி என்ற நத்தையின் ஒரே மகன் முத்துதான் கடைசியில் மிஞ்சினான். அவன் மிளகு அளவுதான் இருப்பான்.

விடியற்காலையில் வரிசை கிளம்பியது. செல்லி நகரவில்லை.

"முத்து, நீ முன்னால போ. கீழ இல்ல, மேல ஏறு" என்றாள்.

முன்னால் நின்ற பெரியவர் சங்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு இது? சின்னப்பய பின்னால நான் போறதா? மேல போனா பாசின்னு ஒண்ணு உண்டா?"

"பசிச்சா பொறுத்துக்கலாம் மாமா. பிள்ளை போயிட்டா நான் எப்படிப் பொறுப்பேன்?"

சங்கன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கீழே சரசரவென்று சத்தம். கொடுக்கன்! முத்து ஏறினான். செல்லி ஏறினாள். ஊரே ஏறியது. வாதாடிக்கொண்டிருந்த சங்கன்தான் கடைசி.

நண்டு சங்கனைக் கவ்வியது. கிழட்டு ஓடு, கல் மாதிரி கெட்டி. கொடுக்கு வழுக்கியது. மறுபடி கவ்வியது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாறை சுட்டது, நண்டின் வாயில் நுரை காய்ந்தது.

"செல்லி, கொஞ்சம் இறங்கி வாம்மா, பேசித் தீர்த்துக்குவோம்" என்று கெஞ்சியது.

"வெயிலுக்குப் பயந்தா எப்படி நண்டு மாமா? நீங்க ஏறி வாங்க" என்று சொல்லிவிட்டு, செல்லி தன் ஓட்டின் கதவைச் சாத்திக்கொண்டாள். நண்டு திட்டிக்கொண்டே தண்ணீருக்குள் ஓடியது.

அலைத் துளி தெறித்தபோது செல்லி கதவைத் திறந்தாள். பாறையில் மெல்லிசாகக் கொஞ்சம் பாசி இருந்தது. அரை வயிறுதான் நிறைந்தது. ஆனாலும் முத்து பக்கத்தில் இருந்தான். அவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சங்கன் பாதி வழியிலேயே தங்கிவிட்டார். "இங்கேயே இருக்கேன். கொடுக்கன் வந்தா முதல்ல என்னைத் தாண்டட்டும்" என்றார். கீழே பாசி அதிகம் என்பதும் ஒரு காரணம், அதை யாரும் கேட்கவில்லை. மற்ற கெட்டி ஓட்டுக்காரர்களும் அவரோடு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்று முதல்தான் கடலோரப் பாறையில் கெட்டி ஓட்டுப் பெரியவர்கள் கீழேயும், மிளகு அளவு குஞ்சுகள் அலை எட்டாத உச்சியிலும் குடியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்தே நண்டுக்குக் கண்கள் இரண்டும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டுவிட்டன.