காலியாக வைத்த இடம்

தணிகாசலம் எரிச்சலோடு திரும்பினார்.

"டீச்சர், இந்த மெஷின் சரியில்ல. எல்லாத்தையும் மூடிட்டேன். ஆனா மெமரி நிரம்பியே கிடக்கு."

பணி ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் படிக்க வந்தவர் அவர். மெஹருன்னிசா டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

டீச்சர் திரையைப் பார்த்தார். "நீங்க மூடின வீடியோ இன்னும் உள்ளேதான் இருக்கு, சார்."

"போனதை எதுக்கு இது பிடிச்சு வெச்சிருக்கு?"

"திரும்பக் கேட்பீங்க இல்லையா."

அது அவர் மகள் எழிலரசி பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிய வீடியோ.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்த அவள் அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதன் கதையை முன்பே டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். எழில் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று, இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று கத்தியவர் அவர்தான். மறுநாளே அவள் அறையைப் பூட்டிப் பத்திரப்படுத்தியவரும் அவரேதான். மருமகள் கைக்குழந்தையோடு கூடத்தில் படுக்கிறாள். கேட்டால், எழில் வந்தால் எங்கே தங்குவாள் என்பார். வாசலில் ஆட்டோ நின்றால் போதும், மனிதர் ஜன்னலுக்கு ஓடுவார். பாவம்தான், என்ன செய்வது.

பிறகு வாதத்துக்கு வந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிடுவார்கள், வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடம் அதற்குத்தான் என்று டீச்சரே பாடம் நடத்தியிருக்கிறார். அதுவல்லவா மரியாதையான ஏற்பாடு என்றார்.

"ஆமாம் சார். உள்ளே இடம் சும்மா கிடக்கும். மத்த வேலையெல்லாம் வெளியே நிக்கும். இப்போ இதுல பெரிசா வேற ஒரு புரோகிராமைத் திறங்க."

"இடம் ஏது?"

"திறங்க, சார்."

திறந்தார். ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்துகொண்டது.

"அப்போ எழிலோட வீடியோ?"

"இடம் விட்டுக் கொடுத்திருக்கும். கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டார். இப்போது அதற்காக வேறு ஏதோ ஒன்று சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. எழில் பச்சைப் பாவாடையில் வந்து நின்று ஆடத் தொடங்கினாள்.

எழில் ஆடி முடித்தாள்.

"மெஷினுக்கு இது சரி டீச்சர்," என்றார் தணிகாசலம். குரல் இறங்கியிருந்தது. "அவ வந்து நிக்கிறப்போ கட்டில்ல வேற ஆள் படுத்திருந்தா? அப்பா என்னை மறந்துட்டாருன்னு நினைக்க மாட்டாளா?"

டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"கதவு பூட்டியிருந்தா என்ன நினைப்பாங்க, சார்?"