ஒற்றைப் பட்டை

மணப்பாட்டில், கடலில் நின்றபடியே துடுப்புப் போட்டுப் போகும் நீளப் பலகைகளை வாடகைக்கு விடும் குலசேகர அண்ணாச்சிக்கு, தான் அதட்டினால் காற்றும் அடங்கும் என்று நினைப்பு. தூத்துக்குடிப் போட்டிக்காகப் புதுக் காரின் கூரைக் கம்பியில் நாலு பலகையை அடுக்கி, நடுவில் ஒரே பட்டையைப் போட்டு இறுக்கினார்.

பலகை கழுவும் பிரகாசி பதறினாள். "இன்னொரு பட்டையும் போட்டு, முன்னும் பின்னும் கயித்தால இழுத்துக் கட்டணும் அண்ணாச்சி. காத்து தூக்கிரும்."

"கயிறு கட்டினா புது வண்டி கருவாட்டு வண்டி மாதிரி இருக்கும். நான் கட்டினது அசையாது. இனி வாயைத் திறந்தா உன் வேலை போயிரும்!"

பிரகாசி நேரே போய், தன் ஸ்கூட்டரைத் தள்ளிவந்து காருக்குப் பின்னால் நிறுத்தி, சாவியை அவரிடம் நீட்டினாள்.

"என்னட்டி இது?"

"காரை உங்க டிரைவர் ஓட்டட்டும். நீங்க இதுல ஒட்டினாப்புல பின்னாலயே போங்க அண்ணாச்சி. உங்க கட்டு அசையாம போறதை ஊரு பாக்கட்டும்."

நெத்திலி காயப்போட்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அண்ணாச்சி சாவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். கடல்காற்றில் பட்டை விர்ரென்று முனகியது.

"ஏட்டி, அந்தக் கயிறு எங்க கிடக்கு?"

"கருவாட்டு வண்டியில, அண்ணாச்சி."